பள்ளிப் பிள்ளைகளுக்கு சாலிசிலிக் ஆசிட்: எங்கே போடலாம், எங்கே போடவே கூடாது

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்துவிட்டால், கும்பகோணம் பக்கம் எந்த மெடிக்கலில் நின்றாலும் இந்த மூன்று கேள்விகளும் காதில் விழும். "பாப்பா நெத்தியெல்லாம் பொரிப்பொரியா இருக்கு, ஏதாவது ஃபேஸ்வாஷ் குடுங்க." "பையன் விரல்ல மரு, சொட்டு மருந்து இருக்கா?" "கால் விரலிடுக்கு வெள்ளையா ஊறிப்போய்க் கெடக்கு, ஒரு களிம்பு வேணும்." கேட்கிறவர்களுக்கு இவை மூன்றும் வேறு வேறு மருந்து. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற எனக்கு மூன்று அட்டைப்பெட்டியிலும் தெரிவது ஒரே பெயர்: சாலிசிலிக் ஆசிட். முகம் கழுவும் ஜெல்லில் 1 அல்லது 2 சதவீதம், விரலிடுக்குக் களிம்பில் 3, மரு மருந்தில் 17 வரை.

பொடுகு ஷாம்பு, பித்தவெடிப்பு கிரீம், கால் ஆணி பிளாஸ்டர், சில வேர்க்குரு பவுடர் என்று இன்னும் பல இடங்களில் இது ஒளிந்திருக்கிறது. இப்போது மொபைலைப் பார்த்துவிட்டு "பிஎச்ஏ சீரம்" கேட்கிற ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் வருகிறார்கள். அதுவும் இதேதான். முதல்முறையாகப் பிள்ளைக்கு இப்படி ஒன்றை வாங்கப்போகும் அப்பா அம்மாவுக்காக இதை எழுதுகிறேன்.

இது என்ன வேலை செய்கிறது

தோலின் மேலடுக்கில் இருக்கும் செத்த செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒட்டுதலைத் தளர்த்தி உரித்துவிடுவதுதான் சாலிசிலிக் ஆசிட்டின் வேலை. எண்ணெயில் கரையும் என்பதால் எண்ணெய் பிசுபிசுக்கும் துவாரத்துக்குள்ளும் நுழைந்து அடைப்பை எடுக்கும். பருவுக்கு அது கேட்பதற்குக் காரணம் இதுதான். சதவீதம் கூடினால் தடித்த மருவையும் கால் ஆணியையும் கரைக்கும். நல்ல தோலில் பட்டால் அதையும் கரைக்கும், அதற்கு ஆள் தெரியாது.

ஆஸ்பிரின் மாத்திரையும் இதே குடும்பம். 1897-ல் ஜெர்மனியின் பேயர் கம்பெனியில் சாலிசிலிக் ஆசிட்டை மாற்றித்தான் ஆஸ்பிரினைச் செய்தார்கள். அதனால் தோல் வழியாக ரத்தத்தில் ஏறினால் என்ன ஆகும் என்பதும் கணக்கில் வரவேண்டும். குழந்தைகளுக்கு எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு பெரியவர்களைவிட அதிகம். பெரியவர் தாங்குகிற அளவு குழந்தைக்குத் தாங்காமல் போவது அதனால்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2 சதவீத ஜெல் அரை கிராம் எடுத்தால் அதில் சாலிசிலிக் ஆசிட் 10 மில்லிகிராம். இதய நோயாளிகள் தினமும் போடும் சின்ன ஆஸ்பிரினே 75 மில்லிகிராம். முகத்தில் தடவி ஒரு நிமிடத்தில் கழுவிவிடும் ஜெல்லைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. 6 சதவீதக் களிம்பு 30 கிராம் டியூபை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குள் 1,800 மில்லிகிராம் இருக்கிறது. மீன் செதில் போலத் தோல் உரிகிற பிள்ளைக்கு இரண்டு கால், இரண்டு கை என்று அந்த டியூபைத் தடவித் தீர்த்தால் கதை வேறு. அப்படி உடம்பு முழுக்கத் தடவி, விஷமாகி, உயிருக்கே ஆபத்தான குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே "இது சேஃபா?" என்று மொட்டையாகக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எத்தனை சதவீதம், எவ்வளவு இடத்தில், எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். கீழே வரும் எல்லாமே இந்த மூன்றுக்குள் அடங்கும்.

முதல் படி: பிள்ளைக்கு இது வேண்டுமா?

பாதிப் பேருக்கு வேண்டாம். கடையில் இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன்.

இரட்டைச் சடை போட்டு, தேங்காயெண்ணெய் வழிய வழியத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புகிற வீடுகள் நம் பக்கம் இன்னும் நிறைய. அந்தப் பிள்ளையின் நெற்றியை வெளிச்சத்தில் பாருங்கள். முடி ஆரம்பிக்கும் கோட்டை ஒட்டி, ஊசி முனையளவு தோல் நிறத்துப் பொரி வரிசையாக இருக்கும். கன்னத்தில் ஒன்றும் இருக்காது. அது எண்ணெய் செய்த வேலை. இரவில் எண்ணெய் வைத்துக் காலையில் அலசிவிட்டு, நெற்றியில் எண்ணெய் இறங்காமல் பார்த்துக்கொண்டாலே சில வாரங்களில் தணிந்துவிடும். தலையணை உறையையும் அடிக்கடி மாற்றுங்கள்.

வேர்க்குருவுக்கும் இது மருந்தில்லை. டெல்டாவின் சித்திரை வெயிலும் கடலோரக் கசகசப்பும் சேர்ந்தால் கழுத்து, முதுகு எல்லாம் சிவந்து அரிக்கும். பச்சைத் தண்ணீரில் குளிப்பதும், பருத்திச் சட்டையும், காற்றோட்டமும்தான் அதற்கு வேண்டியவை. சொறிந்து புண்ணான தோலில் இந்த ஆசிட் பட்டால் பிள்ளை கத்தும்.

கன்னத்தில் மங்கலாக வெள்ளைத் திட்டுகள் இருந்தால் "தேமல், பூச்சி" என்று சொல்லி உரிக்கிற கிரீம் கேட்பார்கள். பள்ளி வயதில் வரும் அந்தத் திட்டு பெரும்பாலும் தோல் வறட்சியால் வருவது. உரிக்க உரிக்க இன்னும் வறளும். சாதாரண மாய்ஸ்சரைசர் போடுங்கள். மாதக்கணக்கில் ஆகும், ஆனால் போய்விடும். தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உண்மையான பரு ஏழெட்டு வயதிலிருந்தே சிலருக்கு வரலாம். பூப்படைவதற்கு ஓரிரு ஆண்டு முன்பே மூக்கிலும் நெற்றியிலும் கரும்புள்ளி தெரிவது இயல்புதான். ஏழு வயதுக்குள் பரு வந்தால் எந்த ஃபேஸ்வாஷும் வாங்காதீர்கள். ஹார்மோன் கோளாறா என்று பார்க்க வேண்டியிருக்கும், நேராகக் குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

அப்புறம் அந்த சீரம். பத்து வயதுப் பெண், முகத்தில் ஒரு பொட்டுக்கூட இல்லை, "அக்கா, வீடியோல எல்லாரும் போட்டுக்கிறாங்க" என்கிறாள். அம்மா பக்கத்தில் பர்ஸைத் திறந்துகொண்டு நிற்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான்: தோலில் அடைப்பு இல்லாதபோது அடைப்பு எடுக்கும் மருந்து எதற்கு? எரிச்சலும் வறட்சியும்தான் மிச்சம். ஸ்வீடனில் ஒரு பெரிய மருந்துக்கடை நிறுவனம், பெற்றோர் சம்மதம் இல்லாமல் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு இப்படிப்பட்ட ஆசிட் கலந்த முகப்பூச்சுகளை விற்பதில்லை என்று 2024-ல் முடிவெடுத்தது. நம் ஊரில் அப்படித் தடுப்பார் யாருமில்லை. அம்மாதான் பர்ஸை மூட வேண்டும்.

இரண்டாம் படி: டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

முன்பக்கம் எழுதியிருப்பது விளம்பரம். பின்பக்கச் சின்ன எழுத்தில்தான் விஷயம். சாலிசிலிக் ஆசிட், பீட்டா ஹைட்ராக்சி ஆசிட், பிஎச்ஏ எல்லாம் ஒன்றே. அதன் பக்கத்தில் சதவீதம் போட்டிருக்கிறதா என்று தேடுங்கள். சதவீதம் சொல்லாத பொருளைக் குழந்தைக்கு வாங்காதீர்கள். "வில்லோ பார்க்" என்று மரப்பட்டைப் பெயர் போட்டிருந்தால் அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். "ஹெர்பல்" என்ற பச்சை இலைப் படத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்கு எந்த வடிவத்திலும் இது ஆகாது. ஐரோப்பிய ஒன்றியத்து விதியே ஷாம்பு தவிர மற்ற அழகுப் பொருட்களில் அந்த வயதுக்கு இதைத் தடைசெய்கிறது. அக்காவின் ஜெல்லை எடுத்துக் குட்டிப்பயல் முகத்தில் பூசிவிடும் வீடுகள் உண்டு, கவனம்.

மூன்றாம் படி: மூன்று நாள் சோதனை

வாங்கிய அன்றே முகம் முழுக்கத் தேய்க்காதீர்கள். தாடை ஓரத்திலோ பரு உள்ள ஒரு சின்ன இடத்திலோ கொஞ்சமாக மூன்று நாள் போட்டுப் பாருங்கள். பருவுக்கான சாலிசிலிக் ஆசிட், பென்சாயில் பெராக்சைடு பொருட்களால் அபூர்வமாகக் கடும் ஒவ்வாமை வருகிறது என்று அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2014-ல் எச்சரித்தபோது சொன்ன முறை இது. லேசாகச் சுறுசுறுவென்று எரிந்தால் பரவாயில்லை. முகம் வீங்கினாலோ தொண்டை அடைத்தாலோ மூச்சு இரைத்தாலோ கழுவிவிட்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

நான்காம் படி: முகத்துக்குப் போடும் முறை

பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல், பரு இருக்கிற பிள்ளைக்கு, கழுவிவிடும் ஃபேஸ்வாஷே போதும். 0.5 சதவீதத்தில் ஆரம்பியுங்கள், அதிகபட்சம் 2. விட்டுவைக்கிற சீரமோ ஜெல்லோ வேண்டுமானால் மருத்துவர் சொல்லட்டும்.

வாரத்தில் இரண்டு அல்லது மூன்று இரவு. முகத்தை நனைத்து, பட்டாணி அளவு எடுத்து, விரல் நுனியால் மெதுவாகத் தடவி, அறுபது எண்ணி முடிப்பதற்குள் கழுவிவிட வேண்டும். கண்ணைச் சுற்றியும் உதட்டோரத்திலும் மூக்கு மடிப்பிலும் வேண்டாம். ஒற்றித் துடைத்து, ஈரம் காய்வதற்குள் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், அதுவே தோலை வறளவைக்கும். அங்கே மாய்ஸ்சரைசரை விடவே கூடாது.

இதோடு இன்னொன்றைச் சேர்க்காதீர்கள். அதே இரவில் எலுமிச்சைச் சாறு, கடலைமாவு தேய்ப்பு, ஸ்கிரப், ரெட்டினால் கிரீம் எதுவும் கிடையாது. மறுநாள் சைக்கிளில் பள்ளிக்குப் போகிற பிள்ளை என்றால் சன்ஸ்கிரீன் போட்டு அனுப்புங்கள். உரிந்த தோல் வெயிலில் சீக்கிரம் கறுக்கும்.

ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகாமல் பலன் தெரியாது. அதற்குள் தோல் செதில் செதிலாக உரிந்து எரிந்தால் ஒரு வாரம் நிறுத்துங்கள். எட்டு வாரமாகியும் மாற்றமில்லை, அல்லது சீழ் கட்டி, குழி விழ ஆரம்பிக்கிறது என்றால் தோல் மருத்துவரிடம் வேறு மருந்துகள் இருக்கின்றன. பருவுக்கு இதைவிட நன்றாகக் கேட்பவையும் அதில் உண்டு.

மருவுக்கு: சொட்டு மருந்தைக் கையாளும் விதம்

கடையில் எனக்கு அதிகம் பயம் தருவது இந்தச் சின்ன பாட்டில்தான். சாலிசிலிக் ஆசிட்டும் லாக்டிக் ஆசிட்டும் தலா 17 சதவீதத்துக்குப் பக்கம் இருக்கும். திறந்தால் நெயில்பாலிஷ் வாடை அடிக்கும், தடவினால் சில நொடியில் வெள்ளைப் படலமாகக் காயும். முகம் கழுவும் ஜெல்லைப் போல எட்டு மடங்குக்கு மேல் வீரியம். "ரெண்டுமே சாலிசிலிக்தானே" என்று இதைப் பருவில் தொட்டுவைத்து, கன்னத்தில் வட்டமாக வெந்துபோன தழும்போடு வந்த பிள்ளையைப் பார்த்திருக்கிறேன்.

குழந்தைகளின் மருவில் பாதிக்கு மேல் இரண்டு ஆண்டுக்குள் எந்த மருந்தும் இல்லாமலே உதிர்ந்துவிடும். வலிக்கவில்லை, பரவவில்லை என்றால் விட்டுவிடுவதும் ஒரு வைத்தியம்தான். போட்டே ஆகவேண்டும் என்றால், 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மருத்துவரைக் கேட்டுவிட்டு, கையிலோ காலிலோ உள்ள மருவுக்கு மட்டும், இப்படி:

இரவில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறவைக்கவும். நகம் தேய்க்கும் அட்டையால் மேலே வெளுத்த பகுதியை மட்டும் மெல்லத் தேய்த்து எடுக்கவும். அந்த அட்டையை வேறு யாரும் தொடக்கூடாது, மரு வைரஸால் வருவது. சுற்றியுள்ள நல்ல தோலில் வாசலின் தடவி வரப்பு கட்டிவிடவும். அப்புறம் மருவின் மேல் ஒரே ஒரு சொட்டு. காயும்வரை பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டிருங்கள், கண்ணைக் கசக்கிவிடும். மருந்து தீப்பற்றும், அடுப்புக்கும் விளக்குக்கும் பக்கத்தில் உட்கார்ந்து போடாதீர்கள். 12 வாரம் வரை தினமும் தொடரலாம். சிவந்து வலித்தால் இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுங்கள்.

முகம், கண்ணிமை, மறைவிடம், மச்சம், ரோமம் முளைத்த புடைப்பு இவற்றில் கூடவே கூடாது. சர்க்கரை நோய் உள்ள பிள்ளைக்கும் கூடாது. முத்துப்போல் மினுங்கி நடுவில் குழி விழுந்த சின்னப் பாலுண்ணி வேறு வகை, அதற்கு இதை நீங்களாக வைக்காதீர்கள்.

சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைப்பது, முந்திரிக்கொட்டைத் தோல் எண்ணெய் தொடுவது எல்லாம் நம் ஊரில் இன்னும் நடக்கிறது. மரு போகும், கூடவே சதையும் போகும். கடை மருந்திலாவது 17 சதவீதம் என்று பாட்டிலில் எழுதியிருக்கிறது. சுண்ணாம்புக்கு எந்த அளவுமில்லை.

சேற்றுப்புண்ணும் படர்தாமரையும்

மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து, நடவு ஆரம்பித்துவிட்டால் வரப்பில் ஓடுகிற பிள்ளைகளுக்குக் கால் விரலிடுக்கு ஊறிவிடும். ஐப்பசி மழையில் நனைந்த ஷூவும் சாக்ஸும் போட்டே நாள் முழுக்க வகுப்பில் உட்கார்ந்தால் வயலுக்குப் போகாத பிள்ளைக்கும் வரும். இதற்குக் காலங்காலமாக விற்கும் விட்ஃபீல்ட் களிம்பில் பென்சாயிக் ஆசிட் 6 சதவீதமும் சாலிசிலிக் ஆசிட் 3 சதவீதமும் உண்டு. உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்ற பழைய, மலிவான மருந்து. தடித்து உரிகிற இடத்துக்கு நல்லது. வெடித்து ரத்தம் கசிகிற இடத்தில் தீயாக எரியும். அந்த நிலைமையில் க்ளோட்ரிமசோல் போன்ற சாதாரணப் பூஞ்சைக் கிரீம்தான் பிள்ளைக்குத் தாங்கும். எதைப் போட்டாலும் முதலில் விரலிடுக்கை நன்றாகத் துடைத்துக் காயவைக்க வேண்டும், ஈரத்தின் மேல் பூசுவது வீண்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. "அரிப்புக்கு ஒரு டியூப்" என்று கேட்டால் சில கடையில் எடுத்துத் தருவது ஸ்டீராய்டு கலந்ததாக இருக்கும். சாலிசிலிக் ஆசிட்டோடு பீட்டாமெத்தசோன் சேர்ந்த களிம்பும் அதில் உண்டு. சாலிசிலிக் தோலைத் தளர்த்திக் கொடுக்க, ஸ்டீராய்டு இன்னும் சுலபமாக உள்ளே இறங்கும். சொரியாசிஸ் மாதிரித் தடித்த தோல் நோய்க்கு மருத்துவர் கணக்காக எழுதும்போது அது சரியான மருந்துதான். படர்தாமரையில் தடவினால் இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சை மட்டும் சத்தமில்லாமல் பரவும். வீடு முழுக்கத் தொற்றும். தொடை இடுக்கில் தோல் மெலிந்து கோடு கோடாக வரி விழும், அந்த வரி திரும்ப மறையாது.

டியூபில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மோமெட்டசோன், பெக்லோமெத்தசோன் என்று ஏதாவது தென்பட்டால் வைத்துவிடுங்கள். 2018-லேயே மத்திய அரசு இப்படிப்பட்ட பல ஸ்டீராய்டுப் பூச்சுகளை ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்துவிட்டது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. கேட்காமல் கொடுத்தால் கடைக்காரர் உங்களுக்கு உபகாரம் செய்யவில்லை.

பொடுகு ஷாம்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசிவிடுவதால் பள்ளி வயதுக்குப் பெரிய அபாயமில்லை, கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எந்தச் சதவீதமும் வேண்டாத நாட்கள்

அம்மை போட்டிருக்கும்போதும் ஃப்ளூ காய்ச்சலின்போதும் இந்தக் குடும்பத்து மருந்து எதையும் பிள்ளைக்குப் போடாதீர்கள். அந்த நேரத்தில் ஆஸ்பிரின் மாத்திரை விழுங்கிய குழந்தைகளுக்கு ரேய் சிண்ட்ரோம் என்று மூளையையும் ஈரலையும் தாக்கும் அபூர்வ நோய் வந்தது. 1980-களில் எச்சரிக்கை வந்தபின் அது வெகுவாகக் குறைந்தது. அது மாத்திரையால் வந்த ஆபத்து. பூச்சுக்கு இது முன்னெச்சரிக்கைதான். இருந்தாலும் அம்மைக் கொப்புளத் தோல் திறந்து கிடக்கும், அதன் மேல் ஆசிட் எதற்கு?

ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாத பிள்ளை, கரப்பான் தோல் உள்ள பிள்ளை, சிறுநீரகக் கோளாறு உள்ள பிள்ளை இவர்களுக்கும் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். போட்ட இடத்தை பிளாஸ்டிக் கவரால் மூடிக் கட்டாதீர்கள். பிள்ளையின் உள்ளங்கை விரல்களோடு சேர்த்து அதன் உடம்பில் ஏறக்குறைய ஒரு சதவீதம். வீரியமான களிம்பை ஓரிரு உள்ளங்கை அளவுக்கு மேல் தடவ வேண்டி வந்தால், அது நீங்களாகச் செய்யும் வைத்தியம் இல்லை.

பாட்டியின் தைலமும் இதே குடும்பம்

மூட்டுவலித் தைலம், பாம், ஸ்ப்ரே பெரும்பாலானவற்றில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட், விண்டர்கிரீன் எண்ணெயின் சாரம். வாசனை மிட்டாய் மாதிரி இருப்பதுதான் ஆபத்து. சுத்தமான விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். சின்னக் குழந்தைக்கு அது உயிர் போகிற அளவு. தலைமாட்டில் வைக்காமல் மேல் அலமாரியில் வையுங்கள்.

விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு 108-ல் ஏறுங்கள். பார்க்க நன்றாக இருக்கிறதே என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். காதில் இரைச்சல், வாந்தி, மேல்மூச்சு வாங்குவது, உளறல், தூங்கி வழிவது இவை ரத்தத்தில் ஏறியதன் அறிகுறி. களிம்பை நிறையத் தடவிய பிள்ளைக்கும் இதே அறிகுறிகள்தான், அப்போது முதலில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கிளம்புங்கள். கண்ணில் தெறித்திருந்தால் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிடம் விடாமல் கழுவுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று இடத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வெளிநோயாளிச் சீட்டு வாங்கும்போது தோல் பிரிவு என்று சொல்லுங்கள். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். இதுவரை தடவிய டியூப், பாட்டில், சித்த வைத்தியர் கொடுத்த பெயரில்லாத டப்பா, பக்கத்து வீட்டு அத்தை கொடுத்த களிம்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். எதை எத்தனை நாள் போட்டீர்கள் என்று சீட்டின் பின்பக்கம் எழுதிவைத்துக்கொண்டால் உள்ளே போனதும் தடுமாற வேண்டியதில்லை. போகிற அன்று காலையில் புண்ணின் மேல் எதையும் பூசாதீர்கள், பவுடர்கூட வேண்டாம். மருத்துவர் பார்க்க வேண்டியது தோலைத்தான்.